அனுபவத்தின் கூலி

சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பத்திரிகைத் துண்டொன்றைக் கொணர்ந்து என் மேசைமீது வைத்தான். கொழும்பிலுள்ள நிறுவனம் ஒன்று விளம்பர முகாமையாளர் ஒருவர் தேவையென வெளியிட்ட அறிவித்தல் அது. பட்டம் வேண்டும், குறைந்தது எட்டு ஆண்டு அனுபவம் வேண்டும், அனுபவத்திற்கேற்பச் சம்பளம் தீர்மானிக்கப்படும் என்று அதிற் கண்டிருந்தது. வர்த்தகம் பயிலும் அம்மாணவனுக்கு ஹந்தானை மலைச்சரிவிலுள்ள தோட்டத்து லயமே வீடு. அவனை வளர்ப்பவர் அவனது தாயைப் பெற்ற பாட்டியார். பதினாறு வயதிற் கூடை சுமந்தவர், இன்றும் சுமப்பவர்.

"சேர், எங்க அம்மாயிக்கு நாப்பத்திரெண்டு வருஷ அனுபவம் இருக்கு. அதுக்கு ஏத்த சம்பளம் எவ்வளவு வரும்?" என்று அவன் கேட்டான்.

வகுப்பிற் சிலர் நகைத்தனர். வினவியவனோ விடைக்காக நின்றான். தமிழிலக்கியம் கற்பிக்கும் எனக்கு உடனே விடை வரவில்லை. வீடு திரும்பிய பின்னரும் அவ்வினா என்னை விடவில்லை. பொருளாதார நூல்களில் இதற்கு விளக்கம் உண்டு என்பதை அறிவேன். ஆயினும் இது பொருளாதாரத்தோடு முடிந்துவிடும் வினாவன்று. நீதியைப் பற்றிய வினா. ஒரு மனிதனின் அனுபவம் ஓரிடத்தில் மதிப்பாகவும் பிறிதோரிடத்தில் வெறும் முதுமையாகவும் கணிக்கப்படுவது எவ்வாறு? எங்கு நின்று உழைக்கிறான் என்பது அவனது உழைப்பின் விலையை மாற்றுவது எந்த நியாயத்தின்பாற்பட்டது?

முதலில் விளம்பர முகாமையாளரின் நிலையை நோக்குவோம். இத்தொழிலிற் சம்பளம் இரண்டு ஏணிகளில் ஏறுகிறது. ஒன்று இடம், மற்றையது அனுபவம். கண்டியிலே சிறு நிறுவனமொன்றிற்கு விளம்பரம் எழுதுபவர் கொழும்புக்குச் சென்றால் கூடுதலாகப் பெறுவார்; கொழும்பிலிருந்து டுபாய்க்கோ சிங்கப்பூருக்கோ சென்றால் அதனினும் கூடுதலாகப் பெறுவார். உதவியாளராக நுழைபவர் பத்தாண்டு கழித்து முகாமையாளராகும்போது தொடக்கச் சம்பளத்தின் பன்மடங்கைப் பெறுவது இயல்பென்றே கொள்ளப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் தொழிற் புள்ளிவிபரங்களின்படி, 2023ஆம் ஆண்டில் அந்நாட்டு விளம்பர முகாமையாளரின் நடுநிலை ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 1,30,000 டொலர். நியூயோர்க்கிலோ அது நாட்டுச் சராசரியை விட மிகவும் உயர்ந்து நிற்கிறது.

இனி மலைக்கு வருவோம். 2024 செப்டெம்பரில் நம் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மாதம் 25 நாள் தவறாமல் வேலை கிடைத்தாலும் ஆண்டுக்கு 4,05,000 ரூபா. அன்றைய மாற்று விகிதத்தில் 1,350 டொலர் அளவு. அமெரிக்க முகாமையாளர் ஓராண்டிற் பெறுவதைப் பெறுவதற்கு இவர் தொண்ணூறு ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்தல் வேண்டும். இரு நாடுகளின் விலைவாசியும் ஒன்றல்ல என்பது மெய்யே. அதற்கென முக்காற்பங்கைக் கழித்துவிட்டாலும் இருபது ஆண்டுக்கு மேல் எஞ்சுகிறது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் இத்தொகையை, அரசு வழங்கும் 200 ரூபா வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து, 1,750 ஆக்குவதாக அறிவித்தது. அப்போதும் கணக்கின் உருவம் மாறவில்லை.

இடத்துக்கேற்பக் கூலி மாறுவது தோட்டங்களுக்குப் புதிதன்று. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த விகிதங்களை எடுத்துக்கொள்வோம். உயர்மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். கண்டியைச் சூழ்ந்த இடைமலைநாட்டில் 52, 41, 31. தாழ்நாட்டில் 50, 40, 30. மலையிலே ஏற ஏற ஆணின் கூலியில் இரண்டு சதம் கூடுகிறது. குளிருக்குக் கம்பளி வேண்டும், அரிசியை மேலே ஏற்றும் செலவு வேண்டும். அதாவது உயிரோடிருப்பதற்கு அங்கே இரண்டு சதம் கூடுதலாகத் தேவைப்பட்டது. முகாமையாளருக்கு இடம் என்பது வாய்ப்பின் பெயர்; தொழிலாளிக்கு இடம் என்பது பிழைத்திருக்கும் செலவின் பெயர். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலோ இடைமலைநாட்டிற் பதினொரு சதம் வேறுபாடு இருந்தது. அவ்வேறுபாடு நீங்குவதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த அட்டவணையில் ஆண், பெண், சிறுவர் என்னும் பிரிவு உண்டு. மேல், நடு, கீழ் என்னும் பிரிவு உண்டு. அனுபவம் என்னும் பிரிவு மட்டும் இல்லை. இன்றும் இல்லை. நேற்றுப் பெயர் பதிந்த யுவதிக்கும் நாற்பத்திரண்டு ஆண்டு பறித்தவருக்கும் நாட்சம்பளம் ஒன்றே. அதே தோட்டத்தின் அலுவலகத்திற் பணிபுரியும் உத்தியோகத்தருக்கு மாதச் சம்பளம் உண்டு, ஆண்டேற்றமும் உண்டு. ஆண்டுகள் பெறுமதியுடையனவாவதும் பெறுமதியற்றுப் போவதும் அலுவலக வாசற்படியைத் தாண்டுவதைப் பொறுத்தனவாகவுள்ளன.

விதித்த நிறைக்கு மேற் பறித்தால் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் கொடுப்பனவு உண்டே, அனுபவமுடையவர் கூடுதலாகப் பறிப்பாரே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே விலை பெறுவது கையின் வேகம். வேகம் முப்பது வயதில் உச்சத்தை அடைகிறது. ஐம்பதில் முழங்கால் தேய்கிறது, கண் மங்குகிறது. நிறை குறைந்த நாளில் 'அரைப் பேர்' போடப்படும் வழக்கத்தை மலையிற் பிறந்தவர் எவரும் அறிவர். விளம்பர அலுவலகத்தில் வயதோடு வருமானம் ஏறுகிறது. மலையில் வயதோடு அது இறங்குகிறது. சேவை செய்த ஆண்டுகளை எண்ணும் சட்டமொன்றும் இருக்கிறது. 1983இன் சேவைக்காலப் பணச் சட்டம் நாட்சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட்கூலி எனக் கணக்கிடுகிறது. அதாவது அந்த அம்மையார் வேலையை விட்டு நீங்கும் நாளில்தான் அவரது ஆண்டுகள் முதன்முதலாக எண்ணப்படும்.

கொழுந்து பறிப்பதற்கு அனுபவம் தேவையில்லை என்று சொல்பவர் அத்தொழிலை அறியாதவர். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று பாடநூலிற் படிப்பது எளிது. ஈரப் பாறையிற் கால் ஊன்றி, அட்டை கடிக்க, ஒரு செடியின் தலையைப் பார்த்த மாத்திரத்தில் எதனை எடுப்பது, எதனை அடுத்த சுற்றுக்கு விடுவது என்று இரு கைகளும் ஒருங்கே முடிவுசெய்வது வேறு. முற்றிய இலை கலந்தாற் சாயம் கெடும். இளந்தளிரை அளவுமீறி எடுத்தாற் செடி நலியும். ஹந்தானையிலே 1925இற் கட்டப்பட்ட பழைய தொழிற்சாலை 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. அங்கே என் மாணவரை ஆண்டுதோறும் அழைத்துச் செல்வதுண்டு. இலையை வாட்டும், உருட்டும், அரிக்கும் இயந்திரங்கள் அங்கு நிற்கின்றன. அவற்றுள் எந்த இயந்திரமும் கெட்ட கொழுந்தை நல்ல தேயிலையாக்க மாட்டாது.

இதனை நம்மைவிட நன்கு அறிந்தவர் விளம்பர முகாமையாளரே. இலங்கைத் தேயிலையின் விளம்பரம் எதனைச் சொல்கிறது? மலையின் உயரத்தைச் சொல்கிறது, பனியைச் சொல்கிறது, கையாற் பறித்தது என்கிறது, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த கைகள் என்கிறது. கூடை சுமந்த பெண்ணின் படத்தை அதனருகில் வைக்கிறது. நுவரெலியா, திம்புல, ஊவா, உடப்புசல்லாவ, கண்டி, சப்ரகமுவ, றுஹுணு என ஏழு பிரதேசங்களின் பெயரால் தேயிலை தரம் பிரித்துப் பேசப்படுகிறது. அங்கே விற்கப்படுபவை இடமும் அனுபவமும் அன்றோ? தொழிலாளியின் கூலிப் புத்தகம் இல்லையென்று மறுக்கும் அதே இரண்டையும் பெட்டியின் மேற்புறம் உரத்த குரலிற் பறைசாற்றுகிறது. முகாமையாளர் தமது இடத்துக்கும் அனுபவத்துக்கும் சம்பளம் பெறுகிறார். எதற்காக? பறிப்பவரின் இடத்தையும் அனுபவத்தையும் உலகுக்கு எடுத்துரைப்பதற்காக.

இது உவமையாக மட்டும் சொல்லப்படுவதன்று. 1932இல் இலங்கையிலே தேயிலைப் பிரசார சபை நிறுவப்பட்டபோது அதன் செலவுக்கு ஏற்றுமதித் தேயிலைமீது வரி விதிக்கப்பட்டது. 2010இல் உலகளாவிய விளம்பர இயக்கத்திற்கென ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோ மீதும் மூன்றரை ரூபா அறவிடத் தொடங்கினர். விளம்பரத்திற்குரிய பணம் வானத்திலிருந்து விழவில்லை, கூடையிலிருந்து எடுக்கப்பட்டது.

இந்த மலைகளின் வரலாற்றிலேயே இவ்வுண்மைக்குச் சான்றாக இருவர் உளர். ஜேம்ஸ் டெய்லர் 1852இல் இலங்கைக்கு வந்தார். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். நாற்பது ஆண்டு அத்தோட்டத்திலேயே உழைத்தார். 1892இல் தோட்ட உரிமையாளர் அவரைப் பதவியிலிருந்து நீங்குமாறு பணித்தனர். அவ்வாண்டிலேயே அவர் நோயுற்று இறந்தார். தொழிலாளர் மாறி மாறித் தோள்கொடுத்து அவரது உடலைக் கண்டிக்குச் சுமந்து வந்தனர். மஹியாவ மயானத்தில் அவரது கல்லறை இருக்கிறது. மற்றவர் தோமஸ் லிப்டன். இவர் தேயிலைக்கு வருமுன்னரே விளம்பரத்தில் வல்லவர். கிளாஸ்கோ நகரின் தம் கடைகளுக்கு மக்களை ஈர்க்கப் பன்றிகளை ஊர்வலம் விட்டவர், பாலாடைக்கட்டியினுள் பொற்காசு புதைத்து விற்றவர். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். 1898இல் அரச பட்டம் பெற்றார். பயிரிட்டவனின் நாற்பதாண்டு அனுபவம் வேலைநீக்கத்தில் முடிந்தது. விற்றவனின் பெயர் உலகின் கோப்பைகளில் நிலைத்தது. டெய்லர் வெள்ளையர், துரை. அவரது அனுபவத்துக்கே அக்கதியாயின், அவருக்காகக் காடு வெட்டிய தமிழ்த் தொழிலாளரின் அனுபவத்தைப் பற்றி என்ன சொல்வது?

இவ்வேறுபாட்டிற்கு அறிஞர் கூறும் நியாயங்களை ஆராயாமல் விடுதல் முறையன்று. ஆதம் சிமித் 1776இல் வெளியிட்ட தமது பெருநூலிலே கூலி வேறுபடுவதற்கு ஐந்து காரணங்களை வகுத்தார்: வேலை இனியதா, துன்பமானதா என்பது, கற்பது எளிதா, அரிதா என்பது, வேலை நிலையானதா என்பது, வைக்கப்படும் நம்பிக்கை, வெற்றிபெறும் வாய்ப்பு. இவற்றை அவரது கையாலேயே அளந்து பார்ப்போம். மழையிலும் அட்டைக்கடியிலும் செய்யும் வேலை துன்பமானது. எனவே கூலி கூட வேண்டும். கொழுந்து குறைந்த காலத்தில் வேலை நாள் குறைகிறது. எனவே கூலி கூட வேண்டும். சிமித்தின் ஐந்தில் இரண்டு தொழிலாளியின் பக்கமே பேசுகின்றன. எனினும் கூலி கூடவில்லை.

ஏன்? சிமித் அதே அதிகாரத்தில் விடையும் தருகிறார். ஏழைகள் ஓரூரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சென்று வேலை தேடுவதைத் தடுத்த இங்கிலாந்தின் குடியிருப்புச் சட்டங்களை அவர் அங்கே வன்மையாகக் கண்டிக்கிறார். பெயர்ந்து செல்ல இயலாதவனுக்குப் பேரம்பேச இயலாது என்பதே அதன் சாரம். நம் மலையிலே நிகழ்ந்ததும் அதுவே. பழைய தோட்டத்துத் துரை 'துண்டு' எழுதிக் கொடுத்தாலன்றித் தொழிலாளி புதிய தோட்டத்திற் சேர முடியாது. அம்முறை 1921இல் ஒழிந்தது. துண்டு ஒழிந்தபோதும் லயம் ஒழியவில்லை. வேலையை விட்டால் வீட்டையும் விடவேண்டும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இன் ஒப்பந்தம் மனிதரை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாற் பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றவரின் சிக்கலுக்குச் சட்டத்தால் தீர்வு கிட்டியது 2003இலேயே. விளம்பர முகாமையாளர் தமது அனுபவத்தைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த நிறுவனத்தின் கதவைத் தட்டுகிறார். கொழுந்து பறிப்பவரின் அனுபவமோ மலையோடு கட்டப்பட்டிருந்தது. பெயர்ந்து செல்ல முடிந்தவனின் அனுபவத்துக்கு விலை ஏற்பட்டது. முடியாதவளின் அனுபவம் நிலத்தின் வளத்தைப்போல இலவசமாகக் கொள்ளப்பட்டது.

ஆகவே, சந்தை அனுபவத்தை மதிக்கிறது என்பது அரைகுறை உண்மை. அது மதிப்பது 'போய்விடுவேன்' என்று சொல்லும் ஆற்றலை. அந்த ஆற்றலைப் பெறுவதற்கு நம் மக்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. இதே கண்டி மாவட்டத்திலே, ஹேவாஹெட்டையைச் சேர்ந்த முல்லோயாத் தோட்டத்தில், நாட்கூலியில் 16 சதம் உயர்த்துமாறு தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1940 சனவரியிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி அங்கே பொலிசாராற் சுட்டுக்கொல்லப்பட்டார். 1929ஆம் ஆண்டின் அட்டவணையில் எழுதப்பட்ட இரண்டு சதத்தையும் முல்லோயாவிற் கேட்கப்பட்ட பதினாறு சதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கூலி எவ்வாறு தீர்மானமாகிறது என்பது விளங்கும்.

வேறொரு பக்கத்திலிருந்தும் இவ்வினாவை நோக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே கூலி என்பதுதானே சமத்துவம்? தோட்டம் அதனை ஏற்கெனவே நிறைவேற்றிவிட்டதே! விவிலியத்தில் ஓர் உவமை உண்டு. திராட்சைத் தோட்டக்காரன் காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுக்கிறான். ஜோன் ரஸ்கின் 1860இல் எழுதிய கட்டுரைகளுக்கு அவ்வுவமையிலிருந்தே தலைப்பெடுத்தார். காந்தியடிகள் அவற்றை 1908இற் 'சர்வோதயம்' என்று குஜராத்தியிலே தழுவி எழுதினார். இச்சிந்தனை எனக்கு உவப்பானதே. ஆயின் அந்த உவமையில் மாலையில் வந்தவனின் கூலியும் ஒரு குடும்பம் அன்று உண்பதற்குப் போதுமானதாக இருந்தது. சமத்துவம் கீழே இருந்தவனை மேலே தூக்கியது. நம் தோட்டத்தின் சமத்துவம் அனுபவமுடையவளைப் புதியவளின் மட்டத்தில் நிறுத்துகிறது. மேலே இருப்பவர் எவரையும் அது தொடுவதில்லை. அடித்தட்டுக்கு மட்டும் விதிக்கப்பட்ட சமத்துவம் சமத்துவமாகாது.

டெய்லர் தேயிலை நட்ட அதே 1867இல்தான் ஹம்பேர்க் நகரில் மார்க்சின் 'மூலதனம்' முதற்பாகம் வெளிவந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1875இல், அவர் தம் தோழர்களின் திட்டமொன்றை விமர்சித்தபோது ஒரு நுட்பமான உண்மையைச் சுட்டினார்: உழைப்புக்கேற்ற ஊதியம் என்பதும் முழு நீதியன்று, ஒருவன் வலியவன், ஒருவன் மெலியவன், ஒருவனுக்குக் குழந்தைகள் பல, ஒருவனுக்கு இல்லை. தேவைக்கேற்பப் பெறும் சமுதாயமே இறுதி இலக்கு. அவ்விலக்கை நான் ஏற்கிறேன். ஆனால் அவ்விலக்கின் பெயரால் இன்றைய கணக்கை மறந்துவிடக் கூடாது. அனுபவத்துக்குக் கூலி என்ற முதலாளித்துவத்தின் சொந்த விதிகூட மலைக்கு வந்துசேரவில்லை என்பதே இன்றைய நிலை.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நானும் ஏணியில் நிற்பவன்தான். ஆண்டுதோறும் எனக்குச் சம்பள ஏற்றம் உண்டு. சேர்ந்த ஆண்டில் விழித்திருந்து பாடம் ஆயத்தம் செய்த அந்த இளைஞனைவிட இன்று நான் நன்றாகக் கற்பிக்கிறேனா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். எனினும் ஏற்றம் வருகிறது. எனது சங்கம் அதனைக் காத்து நிற்கிறது. அதனை விட்டுக்கொடுக்க எனக்கும் மனமில்லை. விளம்பர முகாமையாளரை நோக்கி நீட்டும் விரல் என்னையும் சுட்டுகிறது. அவரும் தம் உழைப்பை விற்று வாழ்பவரே, நம் பகைவரல்லர். அவருக்கும் எனக்கும் இயல்பாகத் தோன்றும் ஓர் உரிமை, நாங்கள் குடிக்கும் தேநீரைத் தந்தவருக்கு ஏன் விந்தையாகத் தோன்றுகிறது என்பதே கேள்வி.

மறுநாள் அம்மாணவனிடம் நான் சொன்னது இதுதான்: "உன் அம்மாயியின் அனுபவத்துக்கு விலை உண்டு. அந்த விலை பெட்டியின் மேல் அச்சாகியிருக்கிறது; வேறு பலருடைய சம்பளத்திற் சேர்ந்திருக்கிறது. அவருடைய கைக்கு மட்டும் வந்து சேரவில்லை." அவன் சற்று யோசித்து, "அப்போ அத எப்படி சேர் கையில வாங்குறது?" என்றான்.

அவ்வினாவுக்கு விடையெழுத வேண்டியவன் நான் ஒருவன் மட்டுமல்லன். மலையில் உழைப்போருக்கும் சேவை ஆண்டுக்கேற்பத் தரமும் ஏற்றமும் வேண்டும் என்று கேட்பது அளவுமீறிய ஆசையன்று. அலுவலகத்து மேசைக்கு என்றோ வழங்கப்பட்டதை மலைக்கும் வழங்குமாறு கேட்பதே. வீடும் நிலமும் வேலையிலிருந்து விடுபட்டு அவர்களது பெயருக்கு உரிமையானால், போவேன் என்று சொல்லும் ஆற்றலும், இருப்பேன் என்று சொல்லும் ஆற்றலும் அவர்களுக்குக் கிட்டும். ஆசிரியர்களாகிய நாமோ வர்த்தகப் பாடத்தில் விளம்பரத்தைக் கற்பிக்கும் நாளிற் கூலிப் புத்தகத்தையும் விரித்துக் காட்டலாம். அம்மாணவன் ஒருநாள் விளம்பர முகாமையாளர் ஆகக்கூடும். ஆகட்டும், அவனுக்கு அத்தகுதி உண்டு. தேர்ந்த கைகள் என்று அவன் எழுதும்போது, அக்கைகளுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று தன் நிறுவனத்தைக் கேட்பவனாகவும் அவனை ஆக்கி அனுப்புவது நம் கடமை.